கால் அங்குலக் கம்பி

கொட்டகலைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் எல்லாம் தரச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சான்றிதழ் வேண்டும் என்றால் பதிவேடு வேண்டும். பதிவேடு எழுத ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

சலிக்கும் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்றைக் கொடுத்தார்கள். கொழுந்து வந்த நேரம், அடுப்பின் சூடு, தரை கழுவிய நேரம், எலிப்பொறி பார்த்த நேரம் என்று எல்லாவற்றையும் எழுதி டீமேக்கரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. டீமேக்கர் என்றால் ஸ்டோருக்குப் பொறுப்பானவர். அந்த வேலையை நான் பெருமையாகத்தான் செய்தேன். எழுதி வைத்தால் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பினேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் மீதே எரிச்சல் வருகிறது.

சலிக்கும் அறையில் காய்ந்த தேயிலையைச் சல்லடைகளில் கொட்டுவார்கள். மிஷின் அவற்றைக் குலுக்கும். பெரிய தூள் மேலே நிற்க, சிறிய தூள் கீழே இறங்கும். சல்லடைக்குக் கம்பி வலை. மூன்றாவது மிஷினில் அந்த வலை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. மிஷின் பழுது பார்க்கும் ஸ்டோர் பிட்டர் அதை வேறு கம்பி விட்டுத் தைத்து வைத்திருந்தார். தைத்த இடத்தைச் சுற்றி மறுபடி கிழிந்தது. நான் பதிவேட்டில் எழுதினேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் எழுதினேன். மூன்றாவது தடவை சிவப்பு மையில் எழுதினேன். மூன்று தடவையும் டீமேக்கர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். புது வலை கொழும்பிலிருந்து வர வேண்டும், தலைமை அலுவலகம் இந்த வருடம் சாமான் எதுவும் அனுப்பாது என்றார். அத்தோடு முடிந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் பேக்ஸ் வந்தது. ஐரோப்பாவில் எங்கள் தேயிலையைப் பைகளில் அடைத்து விற்கும் நிறுவனம் அனுப்பியது. எங்கள் சாக்கு ஒன்றில் கம்பித் துண்டு கிடந்ததாம். கால் அங்குல நீளம். விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தபாலில் படமும் வந்தது. ஒரு நாணயத்துக்குப் பக்கத்தில் கம்பியை வைத்துப் பெரிதாகப் படம் பிடித்திருந்தார்கள்.

படத்தைப் பார்த்ததும் டீமேக்கர் சொன்னது இதுதான்.

"பொம்பளைங்க போட்டுருக்க நகைல இருந்து விழுந்திருக்கு. தோட்டுக் கம்பி, இல்லாட்டி மூக்குத்தித் திருகு. வேற என்ன?"

மறுநாள் காலையில் சலிக்கும் அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் அலுமினியத் தட்டு ஒன்றை வைத்தார்கள். உள்ளே போகிற பதினாலு பெண்களும் தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட வேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று எழுத ஒரு பதிவேடு. எழுதியவள் நான்.

உணவுப் பொருள் செய்கிற இடத்தில் நகை கூடாது என்பதில் தப்பில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த விதி அன்றைக்கு வரைக்கும் எங்கே இருந்தது? டீமேக்கர் கைக்கடிகாரத்தோடு உள்ளே போய்வந்தார். தோட்டத்து மேனேஜரான தொரை கல் வைத்த மோதிரத்தோடு தேயிலைக் குவியலுக்குள் கையை விட்டு அள்ளி முகர்ந்து பார்த்தார். அவர்கள் யாருக்கும் தட்டு நீட்டப்படவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். பல வருடமாகக் கழற்றாத தோடுகள். சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தார்கள். ஒருத்திக்குக் காதில் ரத்தம் கசிந்தது. தாலி என்று வந்தபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கழற்றினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

வரிசையில் கடைசிக்கு முன்னால் நின்றவர் எங்கள் லயத்தில் மூன்று வீடு தள்ளி இருந்த அக்கா. சலிக்கும் அறையில் பன்னிரண்டு வருடமாக வேலை. தேயிலையைக் கையில் அள்ளினாலே எந்தச் சல்லடையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். தோட்டைக் கழற்றினார். வளையலைக் கழற்றினார். மெட்டியையும் கழற்றினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தாலி?" என்றார் டீமேக்கர்.

"அத கழட்ட மாட்டேங்கய்யா."

"எல்லாரும் கழட்டிட்டாங்க."

"அது அவங்க விருப்பம். என்னோடது மஞ்சக் கயிறுங்க. பாருங்க, நூலு. இதுல எங்கருந்துங்க கம்பி வரும்? வேலக் கோட்டுக்குள்ள போட்டு மேல் பித்தானையும் பூட்டிக்கிறேன். எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு. நா ஏன் கழட்டணும்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதான்."

அக்கா அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார். கைக்கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தது. "ஒன்னுதாங்களா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரை ஸ்டோரிலிருந்து வெளியேற்றினார்கள் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். "நாளைக்கி பெரட்டுக்குப் போயி மலைல கொழுந்தெடு. ஒனக்கு இங்க வேல இல்ல" என்றார் டீமேக்கர். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். பன்னிரண்டு வருடம் கூரைக்குக் கீழே வேலை செய்த பெண், மறுநாள் மழையில் இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனார். தொழிற்சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னாராம். "நகை போடக்கூடாதுங்கறது வெளிநாட்டுச் சட்டமாம், நாம என்னம்மா செய்யிறது" என்று அனுப்பிவிட்டாராம்.

அக்காவை வெளியேற்றிய அன்று மத்தியானம் நான் மேசையில் அந்தப் படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கம்பி நேராக இல்லை. ஒரே அளவில் மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன அலைபோல வளைந்திருந்தது. தோட்டுக் கம்பி அப்படி வளையாது. மூக்குத்தித் திருகும் வளையாது. பாய் பின்னுவதுபோல ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பின்னிய கம்பிதான் அப்படி வளைந்திருக்கும்.

மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மூன்றாவது மிஷினுக்குக் கீழே முட்டி போட்டு விரலால் துழாவினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்று கிடைத்தது. பிறகு இன்னொன்று. இரண்டையும் கொண்டுவந்து படத்தின் மேல் வைத்தேன். அதே அலை. அதே இடைவெளி. தேயிலை கடைசியாகக் காந்தத்தின் மேல்தான் ஓடி வரும், இரும்பு இருந்தால் பிடித்துக்கொள்ளும். காந்தத்தில் இந்தத் துண்டுகளை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. துருப்பிடிக்காத கம்பி. எத்தனை துண்டு விழுந்தாலும் அப்படியே சாக்குக்குள் போய்விடும்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். விஷயம் விளங்கிவிட்டது, அக்கா திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஓடிப்போய் டீமேக்கரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"இத எங்க எடுத்த?"

"மூனாவது மிஷினுக்குக் கீழ சார். நான் மூனு தடவ எழுதியிருக்கேன் சார், வல கிழிஞ்சிருக்குன்னு."

"எடுத்த எடத்துலயே போட்டுட்டு வா."

"சார், அக்காவ..."

"இங்க பாரு. லயத்துல இருந்து வந்த புள்ளயாச்சேன்னு ஒன்ன ஆபீஸ்ல ஒக்கார வச்சிருக்கு. நாளைக்கி ஒனக்கும் கொழுந்துக் கூடய மாட்டி மலைக்கி அனுப்ப எவ்வளவு நேரமாகும்?"

நான் கம்பியைத் திரும்பப் போடவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து, தோட்டத்தை நடத்தும் கம்பெனியின் தர அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையாகப் பேசுவார். விளக்கம் எழுதும் படிவத்தை அவர்தான் கொண்டுவந்தார். என்ன நடந்தது என்று ஒரு கட்டம், அதற்கு மூலக் காரணம் என்ன என்று ஒரு கட்டம், இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று ஒரு கட்டம். டீமேக்கர் தேநீர் சொல்லப் போன சமயம் பார்த்து, நான் காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். பதிவேட்டில் சிவப்பு மைப் பக்கத்தையும் திறந்து காட்டினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கம்பியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் அவரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"பிள்ளை, நீர் சொல்லுறது சரி," என்றார். "ஆனா இதை அப்பிடியே எழுதேலாது. மூண்டு தரம் எழுதியும் வலை மாத்தேல்ல எண்டு தெரிஞ்சா சான்றிதழ் போயிடும். சான்றிதழ் போனா ஸ்டோரை மூடுவாங்கள். பிறகு உங்கட சனத்துக்குத்தான் கஷ்டம், என்ன?"

"அந்த அக்கா, சார்?"

"அதை நான் பிறகு கதைக்கிறன்."

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூலக் காரணம்: வேலையாள் ஒருவரின் நகை. நடவடிக்கை: நகைகள் தடை செய்யப்பட்டன, விதியை மீறிய வேலையாள் இடம் மாற்றப்பட்டார், மற்றவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆங்கிலத்தில், என் கையெழுத்தில். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். உங்கட சனம் என்று மலையகத்து ஆட்களை அவர் வேறாக்கிச் சொன்னது எனக்கு உறைத்தது. ஆனாலும் எழுதினேன். நடக்காத அந்தப் பயிற்சிக்கு வந்ததாகப் பதிமூன்று பெண்களிடம் கையெழுத்து வாங்கியதும் நான்தான். "எதுக்கு புள்ள?" என்று ஒருத்தி கேட்டாள். "சும்மா, வந்ததுக்கு" என்றேன்.

அதிகாரி அக்காவைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

மூன்று மாதம் போனது. பெண்கள் வெறும் காதோடும் வெறும் கழுத்தோடும் வேலை செய்தார்கள். மூன்றாவது மிஷின் அதே வலையோடு குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பவும் பேக்ஸ் வந்தது. அதே நிறுவனம். மறுபடியும் கம்பி. இந்தத் தடவை இரண்டு துண்டுகள்.

இப்போது என்ன சொல்வார் என்று பார்க்க நான் டீமேக்கர் முன்னாலேயே நின்றேன். அவர் தாளைப் பார்த்தபடி சொன்னார்: "அவ வேலதான் இது. கோவத்துல போறப்ப அள்ளிப் போட்டுட்டுப் போயிருக்கா."

"சார், இந்தத் தேயில போன மாசம் செஞ்சது. அந்த அக்கா போயி மூனு மாசமாகுது."

"ஒன்ன கேட்டேனா?"

அவர் முன்னால் பயப்படுவது எனக்குப் பழக்கம். அன்றைக்கு வந்தது கோபம். அந்த மனுஷர் பொய்யை யோசித்துக்கூடச் சொல்லவில்லை. கைக்குக் கிட்டக் கிடந்த பெண்ணை எடுத்து ஓட்டையை அடைத்தார். அந்தப் பெண் அந்த நேரத்தில் மேல் மலையில் அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். பதிவேட்டின் மூன்று பக்கங்களையும் முதல் நாளே நகல் எடுக்கும் கடையில் கொடுத்து நகல் எடுத்திருந்தேன். பஸ் நிலையத்துக்கு அருகே தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்து, பேக்ஸில் இருந்த முகவரியைப் பார்த்து அந்த ஐரோப்பிய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். என் ஆங்கிலம் பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம். கம்பி எங்கிருந்து வருகிறது, எத்தனை தடவை எழுதினேன், முதல் படிவத்தில் இருப்பது பொய், அதை எழுதியது நான், ஒரு பெண் அதற்காகத் தண்டனை அனுபவிக்கிறாள். இவ்வளவுதான். கம்பித் துண்டு ஒன்றைத் தாளில் வைத்து டேப் ஒட்டினேன். கீழே என் பெயரைப் போட்டேன். தபால் கந்தோர் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். தொரை, கொழும்பு அதிகாரி, டீமேக்கர் மூவரும் பின்னால் வந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே மூன்றாவது மிஷினுக்குப் போய்க் கையை விட்டு வலையின் மூலையைத் தடவினார். விரலில் கீறிவிட்டது. "எனக்கு எழுதியது யார்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அக்காவைப் பற்றி நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தலையை ஆட்டிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அத்தனை காலம் வராத வலை மூன்று நாளில் வந்தது. லொறியில் அல்ல, ஒரு ஜீப்பின் பின் இருக்கையில் போட்டு எடுத்து வந்தார்கள். புதுக் காந்தம் வந்தது. மிஷின் மேலே வெளிச்சமான விளக்கு வந்தது. அந்தப் பெண்மணியின் அறிக்கையும் வந்தது. ஏழு குறைகளை எழுதியிருந்தார். வலை, விளக்கு, பதிவேடு, சாக்கு அடுக்கும் விதம் எல்லாம் இருந்தன. அக்கா இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. தேயிலைக்குள் கம்பி போகக்கூடாது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு கவனம்! அந்தக் கம்பிக்காக ஒரு பெண்ணின் கழுத்துவரை கை போனது அவர்களுடைய எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

அன்று சாயந்தரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போன நான், கடைசியில் படிவத்தை எழுதியதும் நான்தான் என்று சொல்ல வேண்டி வந்தது.

"நீயா எழுதுன?"

"அவங்க சொன்னாங்கக்கா..."

"அவங்க சொல்வாங்க. எழுதுன கை யாருது? என் காதுத் தோட்ட நீ தட்டுல வாங்குனப்பகூட நா ஒன்னும் நெனைக்கல. சின்னப் புள்ள, வேலைக்கி வந்திருக்குன்னு விட்டேன். ஆனா இது பொய்யின்னு அப்பவே தெரிஞ்சிருந்தும் எழுதியிருக்க."

நான் அழுதேன். அவர் அடுத்த கடிவாயில் சுண்ணாம்பு வைத்தார். பிறகு, "அழுது என்ன ஆவப்போவுது? நாளைக்கி பெரட்டுக்கு வா. நீ எழுதுனத எல்லாருக்கும் முன்னுக்கு தமிழ்ல வாசி" என்றார்.

போனேன். அந்தக் காலைப் பனியில் எழுபது எண்பது பேர் நின்றிருந்தார்கள். தொரை ஜீப்பில் வந்து இறங்கியதும் அக்கா முன்னால் போய் நின்றார். நான் படிவத்தை வாசித்தேன். பிறகு பதிவேட்டின் மூன்று பக்கங்களையும் வாசித்தேன். குரல் உடைந்தது, ஆனாலும் முடித்தேன். கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு சலிக்கும் அறைப் பெண்களில் ஒருத்தி, "நாங்க படிச்சதா எழுதியிருக்காங்களே, யாரு எங்களுக்கு படிச்சுக் குடுத்தா?" என்று சத்தம் போட்டாள். அதன் பிறகு எல்லோரும் சத்தம் போட்டார்கள். வராமலிருந்த சங்கத் தலைவரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார்.

தொரை கூட்டத்துக்குக் கிட்ட வந்தார். உடைந்த தமிழில், "சரி, சரி, நாளைக்கி திரும்ப ஸ்டோர் வேலைக்கி வரலாம். தாலி மட்டும் கழட்டு" என்றார்.

"தொரை அந்த மோதரத்த கழட்டிட்டுத்தான் ஸ்டோருக்குள்ள வாரீங்களா?" என்று கேட்டார் அக்கா.

தொரை மோதிரக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். அக்கா கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தார். அவர் ஸ்டோருக்குத் திரும்பவேயில்லை. ஆனால் அந்த வாரமே கழுத்துவரை பூட்டுகிற கோட்டுக்குள் தாலி இருக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். கடிகாரமும் மோதிரமும் தட்டுக்கு வந்தன. டீமேக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. வட்டவளைப் பக்கம் இதைவிடப் பெரிய ஸ்டோருக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

எனக்கும் இடமாற்றம் கிடைத்தது. பதிவேட்டு வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார் என்று சொல்லி, என்னைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாள் மத்தியானம் அக்கா கூடையோடு வரிசையில் வந்தார். தராசில் கொழுந்தைக் கொட்டினார். எனக்கு முன் அங்கே இருந்த ஆள், கொழுந்தின் ஈரத்துக்கென்று எடையில் தன் இஷ்டத்துக்குக் கழித்து எழுதுவது வழக்கம். அக்கா தராசு முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"முள்ளு காட்டுறத எழுது" என்றார்.

பல மாதங்களுக்கு அவர் என்னோடு பேசிய ஒரே வார்த்தை அதுதான். அந்த வருடக் கடைசியில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நான் அங்கே போய்விட்டேன்.